38 ஜிபி நடுகல் படங்கள்: வீட்டுக் கணினியிலிருந்து சர்வருக்குக் கொண்டு சேர்ப்பது

ஐயா, வணக்கம்.

காவேரிப்பட்டினத்திலிருந்து நீங்கள் கேட்டிருப்பதை முதலில் நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் ஊர் ஊராகச் சென்று எடுத்த நடுகல் படங்கள் சுமார் 9,000, மொத்தம் 38 ஜிபி, உங்கள் விண்டோஸ் கணினியில் உள்ளன. மாத வாடகைக்கு எடுத்த ஒரு லினக்ஸ் சர்வருக்கு அவற்றை எஃப்டிபி (கணினிகளுக்கிடையே கோப்புகளை அனுப்பும் ஒரு முறை) வழியாக ஏற்றத் தொடங்கினால் பாதியில் நின்றுவிடுகிறது. எது போனது, எது போகவில்லை என்று தெரியவில்லை. ஒரு பகுதியை உங்கள் மகள் தம் பழைய மேக் கணினியிலிருந்து நேராக ஏற்றியபின், சர்வரில் ‘பாலக்கோடு’ என்ற கோப்புறை ஒரே பெயரில் இரண்டாகத் தெரிகிறது. எல்லாம் ஏறியபின் கேமரா கார்டுகளை அழித்துவிடலாமா என்பது உங்கள் கடைசிக் கேள்வி.

கருவிகளுக்குப் போகும் முன் நீங்கள் முடிவு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: எது மூலம், எது படி? ஓலைச்சுவடியைப் பார்த்துப் படி எடுத்தவர்களுக்கு இந்தக் குழப்பம் இருந்திருக்காது. மூலம் கண்ணெதிரே இருந்தது. கணினியில் இரண்டு இடத்திலும் ஒரே கோப்பு ஒரே தோற்றத்தில் இருப்பதால், இன்று வீட்டில் ஒரு படத்தைத் திருத்துகிறோம், நாளை சர்வரில் ஒன்றின் பெயரை மாற்றுகிறோம், ஒரு மாதம் கழித்து இரண்டில் எதை நம்புவது என்று தெரியாமல் நிற்கிறோம். உங்கள் நிலையில் வீட்டுக் கணினியே மூலம், சர்வர் படி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் மாற்றம், திருத்தம், நீக்கம் எல்லாம் வீட்டில் மட்டுமே நடக்கட்டும்; சர்வரில் நேரடியாக எதையும் தொடாதீர்கள். மகளிடம் உள்ள படங்களும் முதலில் உங்கள் கணினிக்கு வந்துதான் சர்வருக்குப் போக வேண்டும். கீழே சொல்லும் எல்லாமே இந்த ஒரு முடிவின் மேல்தான் நிற்கிறது.

எஃப்டிபி ஏன் நின்றுவிடுகிறது? அது மிகப் பழைய ஏற்பாடு. 1971 ஏப்ரலில் அதன் முதல் வரைவை எழுதியவர் நம் நாட்டவரான அபய் பூஷண். கான்பூர் ஐஐடியில் படித்து எம்ஐடிக்குச் சென்றவர். நாம் இன்று பயன்படுத்தும் வடிவம் 1985இல் வரையறுக்கப்பட்டது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு கணினிக்கும் தனி முகவரி இருந்தது, கேட்பவரும் கொடுப்பவரும் ஒருவரையொருவர் நேராக அழைக்க முடிந்தது. ஆகவே எஃப்டிபி இரண்டு இணைப்புகளை வைத்துக்கொள்கிறது: 21ஆம் எண் போர்ட்டில் (போர்ட் என்பது கணினியின் எண்ணிட்ட வாசல்) கட்டளைகள், வேறொரு போர்ட்டில் கோப்பின் உள்ளடக்கம். ஆக்டிவ் முறையில், அந்த இரண்டாவது இணைப்பைச் சர்வரே உங்கள் வீட்டை நோக்கித் திறக்க முயலும். இன்றோ வீட்டு ரவுட்டருக்குப் பின்னால் கணினி இருக்கிறது. பல இணைய நிறுவனங்களின் இணைப்புகளில் ரவுட்டரே இன்னொரு பொது முகவரிக்குப் பின்னால் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் அழைப்புக்குக் கதவு திறக்காது. பட்டியல் வராமல் சுற்றிக்கொண்டே இருக்கும். இரண்டாவது இணைப்பையும் உங்கள் கணினியே திறக்கும் பேசிவ் முறை இதற்கு மாற்று என்றாலும், அதிலும் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு புது இணைப்பு திறந்து மூடப்படுகிறது. ஒரு கோப்புக்கு இந்த வகையில் கால் விநாடி வீணானால்கூட 9,000 கோப்புகளுக்கு 2,250 விநாடி, அதாவது 37 நிமிடத்துக்கும் மேல், ஒரு படமும் நகராமலே போய்விடும். அத்தனை இணைப்புகளில் ஒன்று தொங்கினால் வரிசை முழுவதும் நிற்கும்.

இதைவிடப் பெரிய குறை, பழைய எஃப்டிபியில் உங்கள் கடவுச்சொல் மூடாத அஞ்சலட்டைபோல வெட்டவெளியில் போகிறது என்பது. 2021இல் ஃபயர்பாக்ஸும் குரோமும் எஃப்டிபி ஆதரவையே நீக்கிவிட்டன. எனவே அதை இன்றோடு விட்டுவிடுங்கள். சர்வரிலும் அந்தச் சேவையை நிறுத்திவிடுங்கள்.

அதற்குப் பதில், தொலைவிலுள்ள கணினியோடு பாதுகாப்பாக இணையும் முறையான எஸ்எஸ்எச். 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலைப்பின்னலில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுத் திருடியதைக் கண்டு, அங்கிருந்த தாத்து உலோனென் எழுதியது அது. எஃப்டிபிக்கு 21, தொலைவிலுள்ள கணினியை இயக்கும் பழைய முறையான டெல்நெட்டுக்கு 23 என்றிருந்த நிலையில் இடையில் காலியாக இருந்த 22ஆம் எண்ணை அவர் கேட்டுப் பெற்றார். இந்த ஒரே இணைப்புக்குள் மறையாக்கம் செய்யப்பட்டுக் கட்டளையும் கோப்பும் சேர்ந்தே போகின்றன; மேலே சொன்ன ரவுட்டர் தொல்லை இதில் இல்லை. எஸ்எஸ்எச்சின் மேல் ஓடும் கோப்பு மாற்று முறைக்கு எஸ்எஃப்டிபி என்று பெயர். எஃப்டிபிஎஸ் என்பது வேறு. அது பழைய எஃப்டிபிக்கே மறையாக்க உறை போட்டது, இரண்டு இணைப்புத் தொல்லை அதில் அப்படியே உண்டு. ஓர் எழுத்து இடம் மாறியதில் ஏமாந்தவர்கள் பலர்.

முதல் முறை இணையும்போது, சர்வரின் கைரேகை (அதை அடையாளம் காட்டும் குறிவரிசை) இது, நம்பலாமா என்று உங்கள் கணினி கேட்கும். பெரும்பாலோர் படிக்காமலே ஆம் என்பார்கள். வாடகை நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் அந்தக் கைரேகை இருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். பின்னொரு நாள், நீங்கள் சர்வரை மாற்றாதபோதே, கைரேகை மாறிவிட்டது என்று எச்சரிக்கை வந்தால் அங்கேயே நிறுத்திக் காரணம் கேளுங்கள். கடவுச்சொல்லுக்குப் பதில் சாவி இணை ஒன்று உருவாக்கிக்கொள்வது நல்லது: பொதுச் சாவி சர்வருக்கு, தனிச் சாவி உங்களுக்கு மட்டும். தனிச் சாவியை யாருக்கும் மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பக் கூடாது. மகளுக்கு வேண்டுமென்றால் அவர் தமக்கென ஒன்று உருவாக்கிக்கொள்ளட்டும்.

விண்டோஸில் தினசரிப் பார்வைக்கு வின்எஸ்சிபி போதும். இடப்பக்கம் உங்கள் கணினி, வலப்பக்கம் சர்வர், இழுத்துப் போடலாம். பெரிய கோப்பு ஒன்றை ஏற்றும்போது அது தற்காலிகப் பெயரில் எழுதி, முழுதும் வந்தபின்தான் உண்மைப் பெயரைச் சூட்டுகிறது. அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. ஃபைல்சில்லாவும் நல்ல மென்பொருள்தான்; ஆனால் அதில் கடவுச்சொற்களைச் சேமிப்பதானால் மாஸ்டர் பாஸ்வேர்டு வைத்துக்கொள்ளுங்கள், இல்லையேல் அந்தக் கணினியைத் திறக்கும் எவரும் அவற்றைப் படித்துவிடலாம்.

ஆனால் 38 ஜிபியை ஏற்ற நான் பரிந்துரைப்பது ஆர்சிங்க். ஆண்ட்ரூ டிரிட்ஜெல்லும் பால் மெக்கரஸும் சேர்ந்து 1996இல் வெளியிட்ட இந்த நிரல், ‘அனுப்பு’ என்ற கட்டளையாக அல்லாமல், ‘இரண்டையும் ஒத்திருக்கச் செய்’ என்ற கட்டளையாக வேலை செய்கிறது. விண்டோஸில் இதற்கு டபிள்யுஎஸ்எல் என்ற லினக்ஸ் துணையமைப்பை நிறுவ வேண்டும். அரைமணி நேர வேலை. ஆர்சிங்க் முதலில் இரு பக்கமும் உள்ள கோப்புகளின் அளவையும் கடைசியாக மாறிய நேரத்தையும் ஒப்பிட்டு, மாறுபட்டதை மட்டும் அனுப்புகிறது. மின்சாரம் போய் 5,000ஆவது படத்தில் நின்றால், வந்ததும் அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் போதும். ஏறிய 4,999ஐ விட்டுவிட்டு மேலே செல்லும். இங்கே ஒரு நுணுக்கம்: கோப்பின் நேரத்தையும் சேர்த்து அனுப்பும் ‘ஆர்க்கைவ்’ விருப்பத்தைக் கொடுக்கத் தவறினால், சர்வரில் உள்ள நேரம் ஏற்றிய நேரமாகப் பதிவாகி, அடுத்த முறை எல்லாமே மாறுபட்டதாகத் தோன்றும். கேமரா கார்டிலிருந்தோ பென் டிரைவிலிருந்தோ நேராக ஏற்றுவதானால், ஃபேட் கோப்பு முறை நேரத்தை இரண்டு விநாடிக்கு ஒன்றாகத்தான் குறிக்கும் என்பதால், ஒரு விநாடி வேறுபாட்டைப் பொருட்படுத்தாதே என்றும் சொல்ல வேண்டும். சுருக்கி அனுப்பும் விருப்பம் உங்களுக்கு வேண்டாம். ஜேபெக் படங்கள் ஏற்கெனவே சுருங்கியவை, மேலும் சுருங்கா.

எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். நிறுவனம் விளம்பரத்தில் சொல்லும் வேகம் பெரும்பாலும் இறக்கும் வேகம். ஏற்றும் வேகம் அதைவிடக் குறைவாக இருக்கக் கூடும். ஏற்றும் வேகம் உண்மையில் 10 எம்பிபிஎஸ் என்றால், அது மெகாபிட், மெகாபைட் அல்ல. எட்டால் வகுக்க வேண்டும். 38 ஜிபிக்கு 30,400 விநாடி, ஏறக்குறைய எட்டரை மணி நேரம். இரவு ஒன்பதுக்குத் தொடங்கினால் விடியலில் முடியும். கணினி தூங்கப் போகாதபடி அமைத்துவிடுங்கள். கணினிக்கு யுபிஎஸ் வைத்துவிட்டு ரவுட்டரை அதில் செருக மறப்பது நம் ஊர் வழக்கமான தவறு.

இப்போது ஆபத்தான விருப்பத்துக்கு வருகிறேன். வீட்டில் நீக்கிய படம் சர்வரிலும் நீங்க வேண்டுமானால் ‘டெலீட்’ என்ற விருப்பத்தைச் சேர்க்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் தருமபுரியில் ஓர் அமைப்பின் ஆவணங்களை நான் இப்படித்தான் இரவுதோறும் தானே ஓடும்படி அமைத்திருந்தேன். மூலம் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. ஒருநாள் யாரோ அதைக் கழற்றி வைத்துவிட்டார்கள். டிஸ்க் இணையும் கோப்புறை மட்டும் வெறுமையாக நின்றது. ஆர்சிங்க்கின் பார்வையில் மூலத்தில் ஒன்றுமில்லை. ஆகவே படியிலும் ஒன்றும் இருக்கக் கூடாது. காலையில் சர்வர் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. பென்னாகரத்தில் நண்பர் வீட்டில் இருந்த இன்னொரு டிஸ்க் காப்பாற்றியது. அது பன்னிரண்டு நாள் பழையது, அந்தப் பன்னிரண்டு நாள் வேலையை மறுபடி செய்தோம். குற்றம் கழற்றியவருடையது அல்ல, சரிபார்க்காமல் எழுதிய என்னுடையது. அன்றிலிருந்து டெலீட் விருப்பத்தை வெள்ளோட்டம் பார்க்காமல் நான் கொடுப்பதே இல்லை. ‘டிரை ரன்’ என்று சேர்த்தால் என்னென்ன செய்யப் போகிறேன் என்று பட்டியலிட்டுவிட்டு எதையும் செய்யாமல் நிற்கும். அந்தப் பட்டியலைப் படித்தபின் உண்மையான ஓட்டம். ஒரு முறைக்கு இத்தனைக்கு மேல் நீக்காதே என்று வரம்பு வைக்கவும் வழி உண்டு; 50 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஏற்றத்தின்போது டெலீட் உங்களுக்குத் தேவையே இல்லை.

இன்னொரு பொறி, மூலக் கோப்புறையின் பெயருக்குப் பின் வரும் சாய்கோடு. சாய்கோடு இருந்தால் கோப்புறையின் உள்ளே இருப்பவை போகும். இல்லாவிட்டால் கோப்புறையே போய், ‘படங்கள்’ கோப்புறைக்குள் இன்னொரு ‘படங்கள்’ உண்டாகும்.

அடுத்தது இரட்டைப் பாலக்கோடு. கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஏனென்றால் இது தமிழ் எழுத்தின் இயல்பிலிருந்து பிறக்கும் சிக்கல். ‘கோ’ என்பதை நாம் எழுதும்போது ககரத்துக்கு முன்னால் இரட்டைக் கொம்பும் பின்னால் காலும் போடுகிறோம். கணினியில் எழுத்துகளுக்குக் குறியீடு வகுக்கும் யூனிகோடில் அந்த ஓகாரக் குறி ஒரே குறியீடாகவும் இருக்கலாம், இரட்டைக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டு குறியீடுகளாகவும் இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. விண்டோஸில் தட்டச்சு செய்யும்போது பொதுவாக ஒற்றைக் குறியீடு வருகிறது. பழைய மேக் கோப்பு முறையோ பெயர்களைப் பிரித்து வைத்தே சேமிக்கிறது. லினக்ஸ் சர்வர் எழுத்தைப் பார்ப்பதில்லை, பைட்டுகளைப் பார்க்கிறது. ‘பாலக்கோடு’ சேர்ந்த வடிவில் 27 பைட், பிரிந்த வடிவில் 30 பைட். சர்வருக்கு அவை இரண்டு வெவ்வேறு ஊர்கள். ‘தொகரப்பள்ளி’க்கும் இதே கதி நேரும், அதில் ஒகரக் குறி இருப்பதால். ‘பென்னாகரம்’, ‘கிருஷ்ணகிரி’ ஆகியவற்றில் அத்தகைய குறி இல்லாததால் அவை இரட்டிக்கவில்லை. உங்கள் பட்டியலைப் பார்த்தால் இது சரியென்று தெரியும்.

சரிசெய்ய, முதலில் இரண்டு கோப்புறைகளையும் வீட்டுக்கு இறக்கி வெவ்வேறு இடத்தில் வைத்து, படங்களை ஒன்றில் சேர்த்துக்கொள்ளுங்கள். சர்வரில் எதையும் தொடாதீர்கள் என்றதற்கு இந்த ஒருமுறை மட்டும் விதிவிலக்காக, அங்குள்ள மற்ற பெயர்களைச் சேர்ந்த வடிவுக்கு மாற்ற கான்வ்எம்வி என்ற சிறு நிரல் உண்டு. அதுவும் இயல்பாக வெள்ளோட்டம்தான் காட்டும், வெளிப்படையாகச் சொன்னால்தான் மாற்றும். இனி மேக்கிலிருந்து உங்கள் கணினிக்கு ஆர்சிங்க் வழியாக அனுப்பும்போது பெயர்களை மாற்றி அனுப்பும் ‘ஐகான்வ்’ விருப்பத்தைப் பயன்படுத்தலாம்.

மனமில்லாமல்தான் சொல்கிறேன்: கோப்பின் பெயரில் தமிழ் வேண்டாம். லினக்ஸில் ஒரு பெயருக்கு 255 பைட்தான் இடம். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுப்பதால் 85 குறியீட்டோடு முடிந்துவிடும். ‘நடுகல், புலியொடு பொருது பட்டவன், ஏரிக்கரை, தெற்கு நோக்கியது’ என்று ஆய்வுக் குறிப்பையே பெயராக வைப்பவர்கள் அந்த எல்லையை எளிதில் தொடுவார்கள். இணைய முகவரியில் ‘கிருஷ்ணகிரி’ என்ற ஒரு சொல் விழுக்காட்டுக் குறிகளோடு 99 எழுத்தாக நீளும். ஆங்கில எழுத்தும் எண்ணும் கொண்ட சிறு குறியீட்டைப் பெயராக வைத்து, ஊர், அமைவிடம், கல்வெட்டு வாசகம் அனைத்தையும் ஓர் அட்டவணையில் தமிழில் எழுதி வையுங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டையும் கவனியுங்கள்: கேமரா தரும் பெயரில் கடைசி மூன்று எழுத்து பெரியதாக இருக்கும், விண்டோஸ் அதைப் பொருட்படுத்தாது, லினக்ஸ் பொருட்படுத்தும். வீட்டில் திறக்கும் படம் இணையத்தில் திறக்காததற்கு இதுவும் அடிக்கடி காரணமாகிறது.

சர்வரில் எங்கே வைப்பது என்பதும் முக்கியம். மூலப் படங்கள் இணையத்துக்குத் திறந்த கோப்புறைக்குள் போக வேண்டாம். அதற்கு வெளியே தனியாக வையுங்கள். காட்சிக்கு அகலம் குறைத்த படங்களை மட்டும் திறந்த கோப்புறையில் வையுங்கள். கைபேசியிலும் சில கேமராக்களிலும் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை பதிந்திருக்கும். காட்டோரம் காவலின்றி நிற்கும் கல்லுக்கு வழிகாட்டும் அந்தக் குறிப்பைக் காட்சிப் படங்களிலிருந்து நீக்கிவிடுங்கள். அனுமதி எண்கள் கோப்புறைக்கு 755, கோப்புக்கு 644; உரிமையாளர் மட்டும் எழுதலாம், மற்றவர் படிக்கலாம் என்று பொருள். ஏதாவது திறக்கவில்லையென்றால் 777 போடு என்று சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள், அது சர்வரில் உள்ள எந்தப் பயனரும் எந்த நிரலும் அதில் எழுதலாம் என்று கதவைத் திறந்து வைப்பதாகும்.

ஏறியது சரியாக ஏறியதா என்பதற்கு வருகிறேன். நம் பக்கம் மாம்பழக் காலத்தில் கூழ் ஆலைக்குப் போகும் லாரி எடைமேடையில் ஏறாமல் உள்ளே போகாது; தோப்பில் எத்தனை டன் ஏற்றினேன் என்ற வாய்ச்சொல்லுக்கு அங்கே மதிப்பில்லை, எடைச்சீட்டுக்குத்தான் மதிப்பு. கோப்புக்கு எடைச்சீட்டு செக்சம். எஸ்எச்ஏ-256 என்ற கணக்கு எந்தக் கோப்பையும் 64 குறிகள் கொண்ட ஒரு வரியாகச் சுருக்கித் தரும். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் வரி முற்றிலும் மாறிவிடும். எடையில் கல்லும் பழமும் ஒன்றாகலாம், இதில் அந்த ஏமாற்றும் நடக்காது. வீட்டில் 9,000 படங்களுக்கும் இந்த வரிகளைக் கணக்கிட்டு ஒரே பட்டியலாக எழுதி, அந்தப் பட்டியலையும் சர்வருக்கு அனுப்பி, அங்கே அதை வைத்துச் சரிபார்க்கச் சொன்னால், மாறுபட்ட கோப்புகளைப் பெயர் சொல்லிக் காட்டும். ஆர்சிங்க்கிலேயே செக்சம் விருப்பத்தோடு டிரை ரன் செய்தாலும் இதே வேலை நடக்கும். ஆனால் பட்டியல் உங்கள் கையில் இருந்தால் ஐந்து ஆண்டு கழித்து ஒரு டிஸ்க் மேல் சந்தேகம் வரும்போதும் பயன்படும்.

கடைசிக் கேள்விக்கு என் பதில்: இப்போதைக்கு அழிக்காதீர்கள். சர்வரில் ஒத்திசைத்து வைத்தது காப்புப்படி ஆகாது. வீட்டில் தவறி நீக்கியதை அதுவும் நீக்கிவிடும், வீட்டில் கெட்டுப்போன கோப்பைக் கெட்ட நிலையிலேயே வாங்கிக்கொள்ளும். பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக் கலைஞர் மூன்று, இரண்டு, ஒன்று என்று ஒரு விதி சொன்னார்: மூன்று படிகள், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில். உங்களுக்கு வீட்டுக் கணினி ஒன்று, சர்வர் இரண்டு. மூன்றாவதாக ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கி, மாதம் ஒருமுறை மட்டும் இணைத்து, டெலீட் விருப்பம் இல்லாமல் படி எடுத்து, மகள் வீட்டில் வைத்துவிடுங்கள். அந்த டிஸ்க்கிலும் செக்சம் பட்டியல் பொருந்தியதை ஒருமுறை பார்த்தபின், கார்டுகளை ஒவ்வொன்றாக, அதில் உள்ள எண்ணிக்கையைக் கணினியில் உள்ள எண்ணிக்கையோடு ஒப்பிட்டு, கேமராவிலேயே ஃபார்மேட் செய்துகொள்ளலாம்.